வில்லங்கச் சான்றில் விஷம் தெரியாது!

(மண் நலக் கோரிக்கை ஆர்ப்பாட்டத்தை விளக்கி, நொய்யல் கரையோரக் கிராமக் கூட்டங்களில் நம் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)

   

நிலம் வாங்குவதற்கு முன்னால் நாம் என்னென்ன பார்க்கிறோம்? பட்டா பார்க்கிறோம். சிட்டா, அடங்கல் பார்க்கிறோம். மூலப் பத்திரம் கேட்கிறோம். முப்பது வருஷத்துக்கு வில்லங்கச் சான்று போடுகிறோம். தடம் இருக்கா, கிணற்றில் பங்கு எத்தனை, பங்காளி கேஸ் ஏதாவது உண்டா என்று நாலு பேரிடம் விசாரிக்கிறோம். நல்ல காரியம். கடன் இருந்தால் வில்லங்கத்தில் வரும். அடமானம் இருந்தால் வரும்.

ஆனால் அந்த மண்ணுக்குள்ளே பத்து வருஷம் சாயத்தண்ணி இறங்கியிருந்தால் வில்லங்கத்தில் வருமா? வராது. பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்கின இடம் என்று எழுதியிருக்குமா? எழுதியிருக்காது. தோல் ஷாப்பு கழிவைக் கொட்டின குழியை மூடி, மேலே ஒரு லோடு செம்மண் போட்டு நிரவிவிட்டால், எந்த சர்வேயர் செயினுக்கும் அது தெரியாது.

பத்திரத்தில் எழுதாத கடன் இது. வட்டியோடு வளர்கிற கடன். கடன் வாங்கினவன் போய்விடுவான், மண் போகாது. கடைசியில் யார் பெயரில் பட்டா இருக்கிறதோ அவர் வீட்டு வாசலில்தான் வந்து நிற்கும். இதைப் பேசத்தான் இந்தக் கூட்டம். இதற்காகத்தான் ஆர்ப்பாட்டம்.

நமக்கும் கம்பெனி நிலத்துக்கும் என்ன சம்பந்தம்?

"கம்பெனிக்காரன் வாங்குறான், விக்கிறான். நமக்கென்னங்க?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

கம்பெனி எங்கே வருகிறது? ஆகாயத்திலா? நம்ம காட்டில்தான் வருகிறது. மழை பொய்த்துப் போகிறது. போர் ஆயிரம் அடிக்குப் போனாலும் புகைதான் வருகிறது. வெள்ளாமைக்குப் போட்ட முதலே திரும்புவதில்லை. அந்த நேரத்தில் புரோக்கர் வருகிறார். "சும்மாதானே கிடக்குது, ரோட்டோரம் ஒரு ஏக்கரை ஷெட்டு போட விடுங்க. மாசாமாசம் வாடகை வரும்" என்கிறார். மகள் கல்யாணக் கடன் இருக்கிறது. பையன் காலேஜ் பீஸ் இருக்கிறது. விடாமல் என்ன செய்வார்?

பதினொரு மாச அக்ரிமென்ட். என்ன தொழில் என்று எழுதுவதில்லை. "வியாபார உபயோகத்துக்கு" என்று ஒரே வரி. துணி குடோன் என்று சொல்லி வருகிறார்கள். ராத்திரியில் சாயம் போடுகிறார்கள். இரும்புக் கடை என்று வருகிறார்கள்; முலாம் பூசுகிறார்கள். ரெண்டு மூணு வருஷம் வாடகை ஒழுங்காக வரும். அப்புறம் ஒரு நாள் மாசு கட்டுப்பாட்டு வாரியத்து ஜீப் வரும். அதற்கு முந்தின ராத்திரியே மிஷினை லாரியில் ஏற்றியிருப்பார்கள். போன் சுவிட்ச் ஆப். மிச்சம் இருப்பது இடிந்த தொட்டி, துண்டித்த கரண்ட் கம்பி, கெட்டுப்போன கிணறு. பக்கத்துத் தோட்டத்துக்காரர் யார் சட்டையைப் பிடிப்பார்? ஓடிப்போனவன் சட்டையையா? அவன் ஊரே தெரியாதே! நம்ம சட்டையைத்தான் பிடிப்பார். பிறந்ததிலிருந்து ஒன்றாக வாழ்ந்த ரெண்டு குடும்பம் கோர்ட்டில் நிற்கும்.

குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் அனுமதி இல்லாத சாயப்பட்டறைகளை அதிகாரிகள் பொக்லைன் வைத்து இடித்ததை நாம் பேப்பரில் படித்திருக்கிறோம். இடிக்கிறபோது, ஷெட்டு சொந்தக்காரர் வேறு, தொழில் செய்தவர் வேறு என்று இயந்திரம் பார்ப்பதில்லை.

நொய்யல் சொல்லும் பாடம்

இதற்கு நாம் வெளியூருக்குப் போக வேண்டியதில்லை. ஒரத்துப்பாளையம் அணையைப் பாருங்கள். 1992-இல் சுமார் 16 கோடி ரூபாய் செலவில் கட்டினார்கள். ஈரோடு, கரூர் மாவட்டங்களில் 10,000 ஏக்கருக்கு மேல் பாசனம் என்று சொன்னார்கள். நடந்தது என்ன? மேலே திருப்பூரில் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள். சாயம் துணியில் ஏறுவதற்கு உப்பை மூட்டை மூட்டையாகக் கொட்ட வேண்டும். அந்த உப்பு துணியில் தங்காது. முழுவதும் தண்ணியோடு வெளியே வரும். வந்தது. அணையில் தேங்கியது. பாசனத்துக்குக் கட்டிய அணை, சாயக்கழிவுத் தொட்டி ஆனது. உலகத்தில் எங்கேயாவது விவசாயி "அய்யா, அணையைத் திறக்காதீர்கள்" என்று கெஞ்சுவானா? இங்கே கெஞ்சினோம்.

ஆயக்கட்டு விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். சூழல் இழப்பீட்டு ஆணையம் 17.12.2004-இல் தீர்ப்பளித்தது. 68 கிராமங்களில் 28,596 விவசாயிகளுக்கு இழப்பு, தொகை சுமார் 24 கோடியே 80 லட்சம் ரூபாய் என்று கணக்கிட்டது. நீங்களே வகுத்துப் பாருங்கள். ஒரு குடும்பத்துக்குச் சராசரி ஒன்பதாயிரம் ரூபாய் கூட வராது. எட்டு வருஷத்துக்கும் மேலான பாழுக்கு இதுதான் விலை! 2009-இல் உச்ச நீதிமன்றமும், கெடுத்தவன்தான் சரிசெய்யும் செலவையும் இழப்பீட்டையும் தர வேண்டும் என்று உறுதியாகச் சொன்னது. 28.1.2011-இல் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே விடாத நிலை வரும்வரை பட்டறைகளை மூடச் சொன்னது.

அதற்குப் பின் நடந்ததுதான் நம் பேச்சுக்கு முக்கியம். முறையாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்டினவர்கள் கட்டினார்கள். கட்ட முடியாத, கட்ட மனமில்லாத ஒரு பகுதி வேலை, கண்ணுக்குத் தெரியாத இடம் தேடிப் போனது. கண்ணுக்குத் தெரியாத இடம் என்றால் எது? தோட்டத்துக்குள்ளே இருக்கிற வாடகை ஷெட்டு!

ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர்

வடக்கே பாலாற்றங்கரைக்குப் போவோம். தோல் ஆலைகளால் அங்கே கெட்ட கிணறுகளுக்குக் கணக்கில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 28.8.1996-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, இந்தியா முழுவதற்கும் வழிகாட்டி. 'கெடுத்தவனே கொடுக்க வேண்டும்' என்பது நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. இழப்பை ஈடு செய்தால் மட்டும் போதாது, கெட்ட சூழலைப் பழையபடி சீராக்கும் செலவும் அவன் தலையில்தான் என்றது.

2001 மார்ச்சில் ஆணையம் கணக்குப் போட்டது. 29,193 பேருக்கு, 547 தோல் ஆலைகள், சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்றது. கொடுத்து முடித்தார்களா? 30.1.2025-இல் உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டி வந்தது. இன்னும் கிடைக்காதவர்களுக்கு அரசு முதலில் கொடுக்க வேண்டும், பின்னால் ஆலைகளிடம் வசூல் செய்துகொள்ள வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. கெட்ட சூழல் திரும்பச் சீராகும்வரை கெடுத்தவன் பொறுப்பு முடியாது என்றும் சொல்கிறது. நல்ல தீர்ப்பு. கை தட்டலாம். ஆனால் 1996-க்கும் 2025-க்கும் நடுவே எத்தனை வருஷம்? இருபத்தொன்பது வருஷம். கேஸ் போட்டபோது தோளில் துண்டு போட்டு நின்ற எத்தனை பெரியவர்கள் இன்று உயிரோடு இல்லை!

ராணிப்பேட்டையிலேயே இன்னொன்று இருக்கிறது. தோல் பதனிடக் குரோமியம் உப்பு செய்த ஆலை ஒன்று. 1970-களின் நடுவில் தொடங்கி, 1990-களின் நடுவில் மூடினார்கள். மூடினபோது கேட்டைப் பூட்டினார்கள். குவியலைப் பூட்ட முடியுமா? 2 லட்சம் டன் அளவுக்குக் குரோமியக் கழிவு வெட்டவெளியில் கிடந்தது. மழை பெய்தால் மஞ்சள் தண்ணீர் ஊறி வந்தது. ஆலை மூடிக் கால் நூற்றாண்டு தாண்டியும் குவியல் அங்கேயே நின்றது. அந்த ஆலையில் ஒரு நாள் சம்பளம் கூட வாங்காத விவசாயி, அதன் கழிவை மட்டும் கிணற்றில் வாங்கிக்கொண்டார்.

கை மாறினால் பாவம் போகுமா?

"நான் விற்றுவிட்டேன், என் பொறுப்பு முடிந்தது" என்கிறான் விற்றவன். "நான் வாங்கும் முன்னாலேயே நடந்தது, எனக்குச் சம்பந்தமில்லை" என்கிறான் வாங்கினவன். பெரிய கம்பெனிகள் ஆடிய இந்த ஆட்டத்தை ரெண்டு ஊரில் பார்க்கலாம்.

கொடைக்கானலில் தெர்மாமீட்டர் ஆலை. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் ஓடின பழைய ஆலையைக் கழற்றிக்கொண்டுவந்து 1980-களின் தொடக்கத்தில் நிறுவியது பாண்ட்ஸ் கம்பெனி. 1987-இல் உலக அளவில் பாண்ட்ஸை யூனிலீவர் வாங்கியது. அந்த வழியில் ஆலை இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. லாபம் வந்தது; கூடவே பாதரசமும் வந்தது. 2001-இல் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசக் கண்ணாடிக் கழிவு கிடந்ததை மக்கள் பிடித்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003-இல் பாதரசம் கலந்த கழிவு 290 டன்னைக் கப்பலில் அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினார்கள். 2016-இல் முன்னாள் தொழிலாளர் 591 பேரோடு கம்பெனி உடன்பாடு செய்துகொண்டது. ஆலையைத் தொடங்கினது ஒருவர். கணக்கை முடிக்க வேண்டி வந்தது வாங்கினவர். மக்கள் போராடியதால்தான் அதுவும் நடந்தது.

அடுத்து போபால். யூனியன் கார்பைடு ஆலை நின்ற இடம் மத்தியப் பிரதேச அரசு குத்தகைக்குக் கொடுத்த நிலம். 1984 டிசம்பரில் விஷவாயு. 1994-இல் அமெரிக்கக் கம்பெனி தன் இந்தியப் பங்குகளை விற்றது. 1998-இல் குத்தகை நிலம் அரசு கைக்கே திரும்பியது. 2001-இல் அமெரிக்கத் தாய்க் கம்பெனியையே டவ் கெமிக்கல் வாங்கியது. விற்றாச்சு, திருப்பியாச்சு, வாங்கியாச்சு. கழிவு? அங்கேயே கிடந்தது. நிலத்தடி நீரும் கெட்டது. 2025 ஜனவரியில்தான் 337 டன் கழிவைக் கன்டெய்னர் லாரிகளில் பிதாம்பூருக்குக் கொண்டுபோய், அந்த வருஷம் ஜூன் முடிவதற்குள் எரித்து முடித்தார்கள். நாற்பது வருஷம்! அதற்கான செலவு கோடிக்கணக்கான ரூபாய் அரசுப் பணம், அதாவது நம் வரிப்பணம்.

இதில் நமக்கு என்ன பாடம்? குத்தகைக்கு நிலம் கொடுத்தது ஒரு மாநில அரசு. அதனிடம் போலீஸ் இருக்கிறது, கலெக்டர் இருக்கிறார், வக்கீல் படை இருக்கிறது. அந்த அரசாங்கத்துக்கே நிலம் விஷத்தோடுதான் திரும்பி வந்தது. மூணு ஏக்கர் வைத்திருக்கிற நமக்கு மட்டும் சுத்தமாகத் திரும்பி வருமா?

ராஜஸ்தானில் உதயப்பூர் பக்கம் பிச்சிரி என்று ஒரு கிராமம். சாயத்துக்கு மூலப்பொருளான அமிலம் செய்த ஆலைகள் 1980-களின் கடைசியில் கொஞ்ச காலம்தான் ஓடின. கிணறெல்லாம் நிறம் மாறிப் போனது. 1996-இல் உச்ச நீதிமன்றம் ஆலைகளின் சொத்தையே ஜப்தியில் வைத்து, சுத்தம் செய்யும் செலவைக் கட்டச் சொன்னது. அவர்கள் மனு மேல் மனு போட்டு இழுத்தார்கள். 2011-இல் நீதிமன்றம் 37 கோடிக்கு மேல் உள்ள தொகையை 12 சதவீதக் கூட்டு வட்டியோடு கட்ட உத்தரவிட்டது. கெடுத்த நிலத்தின் கடன் வட்டியோடு வளரும் என்று நாம் சொன்னது பேச்சுக்குச் சொன்னதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

நம்மிடம் சட்டமே இல்லை என்று நினைக்காதீர்கள். 1882-இலேயே சொத்து மாற்றுச் சட்டம் இருக்கிறது. அதன் 55-ஆம் பிரிவு: சொத்தில் உள்ள முக்கியமான குறை, வாங்குகிறவர் சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது, விற்கிறவருக்குத் தெரியும் என்றால், அதை அவர் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் மோசடி. நம்மிடம் விற்கிறவனுக்கும் இது பொருந்தும். நாம் விற்கிறபோது நமக்கும் பொருந்தும். இதை மறந்துவிடக் கூடாது.

அதே சட்டத்தின் 108-ஆம் பிரிவு: குத்தகைக்கு எடுத்தவர் இடத்தை எந்த நிலையில் வாங்கினாரோ, இயல்பான தேய்மானம் போக, அந்த நிலையில் திருப்பித் தர வேண்டும். எதற்கென்று எடுத்தாரோ அதற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். நிலத்துக்கு நிரந்தரமாகக் கேடு செய்யக் கூடாது. 107-ஆம் பிரிவு: ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு செய்தே ஆக வேண்டும்.

சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986, யாருடைய கட்டுப்பாட்டில் இடம் இருக்கிறதோ அவரையே பொறுப்பாளியாகப் பார்க்கிறது. ஷெட்டு ஓடும்போது அது வாடகைக்காரர். அவர் ஓடிப்போய், சாவி நம் கைக்கு வந்த பிறகு? இடம் யார் கட்டுப்பாட்டில்? அங்கேதான் சிறு விவசாயி மாட்டிக்கொள்கிறார். "நான் வாடகைக்குத்தான் விட்டேன்" என்று நிரூபிக்க ஒரு துண்டுக் காகிதம் இல்லாவிட்டால் வாதாட முடியாது.

2025 ஜூலையில் மத்திய அரசு மாசடைந்த இடங்களுக்கென்றே தனி விதிகள் கொண்டுவந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை, சந்தேகப்படும் இடங்களின் பட்டியலை உள்ளாட்சியோ மாவட்ட நிர்வாகமோ மாநில மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தர வேண்டும். வாரியம் 90 நாளில் முதல் ஆய்வு செய்ய வேண்டும். பிறகு விரிவான ஆய்வு. கெடுத்தவர் யார் என்று கண்டுபிடித்து அவரிடமே சுத்தம் செய்யும் செலவை வாங்க வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால், கொடுக்க வக்கில்லாவிட்டால், மத்திய, மாநில அரசுகள் செலவைப் பகிர்ந்து ஏற்க வேண்டும். விதி காகிதத்தில் இருக்கிறது. நம் ஊர்ப் பட்டியலை யார் தயார் செய்தது, எதை எழுதினார்கள், எதை விட்டார்கள் என்று நாம்தான் கேட்க வேண்டும்.

கையெழுத்துப் போடும் முன்னால்

வாடகைக்கே விடாதீர்கள் என்று சங்கம் சொல்லவில்லை. விவசாயத்துக்குக் கட்டுப்படியான விலை கிடைக்கும்வரை அப்படிச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. கண்ணை மூடிக்கொண்டு விடாதீர்கள் என்கிறோம்.

வாடகைக்கு விடுகிறவர்களுக்கு:

1. என்ன தொழில், என்ன மூலப்பொருள், கழிவு எங்கே போகும் என்பதைப் பத்திரத்தில் எழுதுங்கள். "வியாபார உபயோகம்" என்ற ஒரே வரி நம் கழுத்துக்குக் கயிறு.

2. மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை தேவைப்படும் தொழில் என்றால், அதன் நகலைப் பார்க்காமல் சாவி கொடுக்காதீர்கள். அதில் உங்கள் சர்வே எண்தான் இருக்கிறதா என்று பாருங்கள்.

3. ஷெட்டு போடும் முன்னாலேயே கிணற்றுத் தண்ணி, போர்த் தண்ணி, மண் மூன்றையும் பரிசோதித்து அறிக்கை வாங்கி வையுங்கள். காலி செய்யும்போது மறுபடி பரிசோதனை. ரெண்டையும் ஒப்பிட்ட பிறகே அட்வான்ஸ் திருப்பித் தரப்படும் என்று எழுதுங்கள்.

4. எந்த நேரத்திலும் உள்ளே போய்ப் பார்க்கும் உரிமை நமக்கு உண்டு என்று எழுதுங்கள். நம் நிலத்துக்குள் நம்மையே விடமாட்டேன் என்கிறவனிடம் என்னமோ இருக்கிறது.

5. நிலமும் நீரும் கெட்டால் சீர் செய்யும் செலவும், அக்கம்பக்கத்தார் இழப்பீடும் வாடகைக்காரர் பொறுப்பு என்று எழுதுங்கள். அவருடைய நிரந்தர விலாசமும் அடையாளச் சான்றும் வாங்குங்கள்.

வாங்குகிறவர்களுக்கு: விலை சல்லிசாக வருகிறது என்றால் ஏன் என்று கேளுங்கள். முன்பு அங்கே என்ன இருந்தது என்று மாடு மேய்க்கிறவரைக் கேளுங்கள்; பதிவு அலுவலகத்தில் இல்லாத விவரம் அவரிடம் இருக்கும். புல் முளைக்காத திட்டு, வெள்ளை பூத்த மண், நிறம் மாறிய தண்ணி, புதைத்த தொட்டி இருக்கிறதா என்று பாருங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 நம் கையில் இருக்கிறது. அந்த சர்வே எண்ணில் எந்தத் தொழிலுக்கு இசைவாணை கொடுத்தார்கள், மூடல் உத்தரவு உண்டா என்று வாரியத்துக்கு எழுதிக் கேளுங்கள். கிரயப் பத்திரத்தில், "இந்த இடத்தில் கழிவு எதுவும் கொட்டவோ புதைக்கவோ இல்லை, இருந்தால் விற்றவரே பொறுப்பு" என்று ஒரு வரி சேருங்கள். அந்த வரி போடத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

விற்கிறவர்களுக்கு: தெரிந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். கெட்டது நாம் இல்லை என்றால், கெடுத்தவன் யார் என்பதற்கான காகிதத்தோடு சொல்லுங்கள். விலை கொஞ்சம் குறையலாம். பின்னால் மோசடி கேஸில் நிற்பதைவிட அது மேல். வாங்குகிறவரும் நம்மைப் போல ஒரு விவசாயியாக இருக்கலாம்.

பரிசோதனை பற்றி ஒரு வார்த்தை. கையடக்க டி.டி.எஸ். மீட்டர் உப்பின் அளவை மட்டும்தான் காட்டும். தொழிற்சாலை வெளியே விடும் நீரிலேயே ஒரு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு. நம் கிணறு அதைத் தாண்டினால் அதுவே எச்சரிக்கை மணி. ஆனால் ஈயம், குரோமியம், பாதரசம் அந்த மீட்டரில் தெரியாது. உரச் சிபாரிசுக்குச் செய்கிற சாதாரண மண் பரிசோதனையிலும் தெரியாது. எந்த உலோகத்தைப் பார்க்க வேண்டும் என்று குறிப்பிட்டு, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கேட்க வேண்டும். செலவு ஆகும். தனியாளாகச் செய்யாமல், பத்துப் பேர் சேர்ந்து ஊர்ச் செலவாகச் செய்யுங்கள்.

ஏற்கனவே கெட்டுப் போயிருந்தால் சும்மா இருக்காதீர்கள். தேதி போட்ட போட்டோ எடுங்கள். சாட்சி வைத்துத் தண்ணி மாதிரி எடுங்கள். மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். சென்னையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. இழப்பீடு கேட்க, பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஐந்து வருஷம் அவகாசம். மற்ற பரிகாரத்துக்கு ஆறு மாதம்தான். தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் மேலே 60 நாள் கிடைக்கலாம். அதற்கு மேல் கிடையாது. "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று இருந்தால் காலம் ஓடிவிடும்.

நம் கோரிக்கைகள்

நாம் உஷாராக இருந்தால் மட்டும் போதுமா? போதாது. ஒவ்வொரு விவசாயியும் வக்கீலாகவும் விஞ்ஞானியாகவும் ஆக வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. பதிவு செய்யும் அரசு, அனுமதி கொடுக்கும் வாரியம், வரி வாங்கும் உள்ளாட்சி எல்லாம் எதற்கு இருக்கின்றன? எனவே கேட்கிறோம்:

1. மூடல் உத்தரவு வாங்கிய, கழிவு கொட்டப்பட்ட, மாசடைந்தது என்று அறிவிக்கப்பட்ட ஒவ்வொரு சர்வே எண்ணையும் பதிவுத்துறைக் கணக்கில் ஏற்று! வில்லங்கச் சான்று போட்டால் அந்த விவரமும் வர வேண்டும்.

2. 2025 விதிகளின்படி தயாராகும் பட்டியலைக் கிராம சபையில் படித்துக் காட்டு! வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. ரெண்டு கூட்டத்தில் இதை வைப்பதற்கு என்ன தடை?

3. மாசு உண்டாக்கும் தொழிலுக்கு இசைவாணை தரும்போதே, இடத்தைச் சீர் செய்யும் செலவுக்கு வங்கி உத்தரவாதம் வாங்கு! ஓடிப்போனால் அந்தப் பணத்தில் சுத்தம் செய்!

4. தெரியாமல் வாடகைக்கு விட்டு ஏமாந்த சிறு, குறு விவசாயியிடம் வசூலுக்கு வராதே! தொழில் நடத்தியவனைத் தேடிப் பிடி! அதுவரை செலவை அரசு ஏற்கட்டும்.

5. மாவட்டந்தோறும் கன உலோகம் பார்க்கும் ஆய்வகம் வை! சிறு விவசாயிக்குக் கட்டணம் வாங்காதே!

6. பாலாறு, நொய்யல் இழப்பீட்டுப் பாக்கி முழுவதையும் கொடு! பட்டா தாத்தா பெயரில் இருக்கிறது, வாரிசுச் சான்று இல்லை என்று சொல்லி இழுத்தடிக்காதே! நிலம் இல்லாத கூலி விவசாயிகளுக்கும் வேலை போனதே, அவர்களையும் கணக்கில் சேர்!

இதில் எந்தக் கோரிக்கையும் தொழிலுக்கு எதிரானது கிடையாது. திருப்பூரில் பனியன் தைப்பவரும் நம் வீட்டுப் பெண்தான், நம் வீட்டுப் பையன்தான். தொழில் நடக்கட்டும். லாபம் எடுக்கிறவனே கழிவுக்கும் கணக்குக் கொடுக்கட்டும் என்பதுதான் நம் பேச்சு.

உழவர்களே! நம் அப்பன் பாட்டன் நமக்குச் சொத்தாக விட்டுப்போனது இந்த மண் ஒன்றுதான். வறட்சி வந்தால் அடுத்த மழைக்குத் தேறும். கடன் வந்தால் நாலு வெள்ளாமையில் அடைக்கலாம். விஷம் இறங்கின மண் நம் ஆயுசில் தேறுமா என்று ராணிப்பேட்டை விவசாயியைக் கேளுங்கள்.

தாலுகா அலுவலகம் முன்பு நடக்கும் ஆர்ப்பாட்டத்துக்குக் குடும்பத்தோடு வாருங்கள். வரும்போது உங்கள் கிணற்றுத் தண்ணியை ஒரு பாட்டிலில் பிடித்து, சர்வே எண்ணை எழுதி ஒட்டிக்கொண்டு வாருங்கள். அத்தனை பாட்டிலையும் அதிகாரி மேசை மேல் வரிசையாக வைப்போம். வில்லங்கச் சான்றில் வராதது அங்கே கண்ணுக்குத் தெரியட்டும்!

கெடுத்தவனே கொடுக்கட்டும்!
மண்ணின் கணக்கைப் பத்திரத்தில் ஏற்று!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!